லலிதாஜிக்கு ஏன் வேலை இல்லை?

பழைய விளம்பரங்களைப் பார்த்துச் சிரிப்பது இப்போது ஒரு நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. யூட்யூபில் தேடினால் போதும், தூர்தர்ஷன் காலத்துச் சோப்புத்தூள், குக்கர், காப்பித்தூள், முகப்பூச்சு எல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கும். ஹாஸ்டல் அறையில் நாலு பேர் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு 'அடப்பாவிகளா, இப்படியெல்லாமா எடுத்தாங்க!' என்று சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து. 'அதெல்லாம் அந்தக் காலம்' என்கிற நிம்மதி.

அந்தக் காலம் நிஜமாகவே போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள அதிக தூரம் போகவேண்டாம். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஜன்னலோரம் தூங்கி வழியும் முகங்களில் பெரும்பாலானவை இருபது வயதை ஒட்டியவை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். தாலி? அது அபூர்வம். ஏன் அபூர்வம் என்பதற்கான விடை பாதி அந்தப் பழைய விளம்பரங்களில் இருக்கிறது.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அந்தக் காலத்து டி.வி. விளம்பரம் எதையெல்லாம் விற்றதோ, அதெல்லாம் இன்று இந்த நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் தயாராகிறது. சுங்குவார்சத்திரத்தில் 2007இல் திறக்கப்பட்ட சாம்சங் ஆலையில் டி.வி., வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார். (முதல் சான்ட்ரோவை விற்க வந்தவர் ஷாருக்கான். அவரை விளம்பரத்துக்குச் சம்மதிக்க வைக்கப் பேசியவரும் ஓர் ஆண்தான். கார் என்றால் ஆண் சமாசாரம், வாஷிங் மெஷின் என்றால் பெண் சமாசாரம்!) ஒரகடத்தில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா போன். 2019 முதல் ஃபாக்ஸ்கானில் ஐபோன். இந்தப் போன்களை மாட்டிப் பூட்டி அனுப்பிய கைகளில் பெரும்பங்கு பெண்களின் கைகள்.

ஆக, விளம்பரத்தில் பொருளைத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்த பெண் இப்போது அந்தப் பொருளைச் செய்பவளாகிவிட்டாள். புரட்சிதானே? அவசரப்படவேண்டாம்.

முதலில் பழைய டப்பாவைத் திறப்போம். தூர்தர்ஷனில் விளம்பரம் வர ஆரம்பித்தது 1976 ஜனவரி 1. எண்பதுகளில் கலர் வந்ததும் விளம்பரமும் சூடுபிடித்தது. அந்தக் காலத்தின் பெரிய யுத்தம் என்றால் அது சலவைத்தூள் யுத்தம்தான். ஒரு பக்கம் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969இல் தொடங்கிய நிர்மா. பாவாடை சுழலச் சுற்றும் வெள்ளை கவுன் சிறுமி. விலை மலிவு. மறுபக்கம் இந்துஸ்தான் லீவரின் சர்ஃப், விலை ஜாஸ்தி. நிர்மா சந்தையை அள்ளிக்கொண்டு போக, லீவர் கம்பெனி லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தின் அலிக் பதம்ஸியிடம் போக, பிறந்தவர்தான் லலிதாஜி.

லலிதாஜியை மறந்தவர் உண்டா? காய்கறிக் கடையில் கறாராகப் பேரம் பேசும் புடவை கட்டிய குடும்பத்தலைவி, பக்கத்தில் மகன். மலிவான பொருளுக்கும் நல்ல பொருளுக்கும் வித்தியாசம் உண்டு என்று கேமராவைப் பார்த்துப் பாடம் எடுப்பார். அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ மலிவுத்தூளுக்குச் சமம் என்று கணக்கும் சொல்வார். இந்தி தெரியாத தமிழ்நாட்டு வீடுகளிலும் அந்தக் குரலின் அதட்டல் புரிந்தது. பேரம் பேசிப் பார்த்து வாங்கும் தன் அம்மாவை மனதில் வைத்துத்தான் அந்தப் பாத்திரத்தை உருவாக்கியதாகப் பதம்ஸி பின்னாளில் சொன்னார்.

லலிதாஜிக்கு வக்காலத்து வாங்குபவர்கள் இங்கேதான் எழுந்து நிற்பார்கள். 'அவள் என்ன அழுமூஞ்சியா? கெட்டிக்காரி, யாருக்கும் பயப்படாதவள், கணக்குத் தெரிந்தவள். இதில் என்ன பெண்ணடிமைத்தனம்?'

உண்மைதான். லலிதாஜி கெட்டிக்காரி. சிக்கலே அதுதான்! அத்தனை கெட்டிக்காரத்தனத்துக்கும் அந்த முப்பது விநாடியில் ஒதுக்கப்பட்ட மைதானம் எவ்வளவு? ஒரு தக்காளிக்கூடை, ஒரு துணி வாளி. எந்தத் தூளில் துவைப்பது என்று தீர்மானிக்கும் முழுச் சுதந்திரம் அவளுக்கு உண்டு. யார் துவைப்பது என்ற கேள்வி மட்டும் எழவே எழாது. நிர்மாவும் சர்ஃபும் ஆயிரம் விஷயத்தில் அடித்துக்கொண்டார்கள், இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கம்பெனியும் பரம ஒற்றுமை.

இந்த வேடத்தில் நடித்த கவிதா சௌத்ரி யார் தெரியுமா? 1989இல் தூர்தர்ஷனில் வந்த 'உடான்' தொடரை எழுதி, இயக்கி, நாயகியாகவும் நடித்தவர். ஐ.பி.எஸ். அதிகாரி ஆகும் பெண்ணின் கதை அது. கதைக்குத் தூண்டுதல் அவருடைய அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யா. அந்த அக்கா 2004இல் உத்தராகண்டின் காவல்துறைத் தலைவரானார். இந்தியாவில் ஒரு மாநிலத்தின் முதல் பெண் டி.ஜி.பி. ஒரே நடிகை, ஒரே தூர்தர்ஷன். தன் கையால் எழுதியபோது அவர் காட்டிய பெண்ணின் இடுப்பில் துப்பாக்கி இருந்தது. விளம்பரக்காரர்கள் எழுதியபோது அதே பெண்ணின் கையில் சலவைத்தூள் பொட்டலம். 2024 பிப்ரவரியில் கவிதா சௌத்ரி காலமானபோது அஞ்சலிச் செய்திகளின் தலைப்பில் முதலில் வந்தது எது? லலிதாஜிதான். முப்பது விநாடியின் பலம் அப்படி.

மற்றவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். பிரெஸ்டீஜ் குக்கர், சென்னையில் வேர்விட்ட டி.டி.கே. குழுமத்துத் தயாரிப்பு. மனைவி மேல் அன்பிருப்பவர் இந்தக் குக்கரை எப்படி வேண்டாமென்பார் என்று விளம்பரம் கேட்டது. அன்பு கணவனுடையது, பணமும் அவனுடையது, குக்கர் மட்டும் அவளுடையது. பல வருஷம் கழித்து 2013இல் அபிஷேக் பச்சன், ஐஸ்வர்யா ராய் ஜோடியை அழைத்துவந்து அதே குக்கரை விற்றார்கள். நரசுஸ் காப்பியை ருசித்துவிட்டு 'பேஷ் பேஷ்' என்ற குரல் ஓர் ஆணின் குரல். பாராட்டு வாங்கிய வரையில் மகிழ்ச்சி, டம்ளரை யார் கழுவினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வாஷிங் மெஷின் வந்தது, துவைக்கும் கல் போனது, ஆனால் பட்டனை அழுத்தும் விரலில் மட்டும் வளையல் சத்தம் ஓயவில்லை. துணி துவைப்பது பெண்கள் வேலை மட்டும்தானா என்று ஒரு சலவைத்தூள் கம்பெனிக்கே கேட்கத் தோன்றியது 2015இல், ஏரியல் விளம்பரத்தில். அப்போதும் தூளை விற்கத்தான் கேட்டார்கள், போகட்டும்.

இவற்றையெல்லாம் 'வெறும் விளம்பரம்' என்று விட்டுவிடலாம். ஃபேர் அண்ட் லவ்லியை அப்படி விடமுடியாது. ஏனென்றால் அதில் வேலைவாய்ப்பு வருகிறது. காப்பிக்குப் பால் வாங்கவும் வழியில்லாத அப்பா, ஒரு பையன் இருந்திருந்தால் என்று பெருமூச்சு விடுகிறார். அது மகள் காதில் விழுகிறது. அவள் க்ரீம் பூசுகிறாள், வெளுக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள், அப்பாவைப் பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப்போய்க் காப்பி வாங்கித் தருகிறாள். அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்துப் போராடி, 2003இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்டு, அந்த க்ரீமின் இரண்டு விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. 'லவ்லி' தப்பித்து 'ஃபேர்' மட்டும் பெயரிலிருந்து போனது 2020இல்.

இதில் தடுக்கச் சட்டமே இல்லை என்று நினைக்கவேண்டாம். 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஏழாவது விதி விளம்பரத்துக்கானது. பெண்ணை அடங்கிப்போகிறவளாகவும், குடும்பத்திலும் சமூகத்திலும் இரண்டாம் இடத்துக்காரியாகவும் காட்டக்கூடாது என்று அது பச்சையாகவே சொல்கிறது. அந்த விதியை நேர்மையாக நடைமுறைப்படுத்தியிருந்தால் தொண்ணூறுகளில் சலவைத்தூளும் மசாலாப்பொடியும் விற்கும் விளம்பரங்களில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இந்த ஃபேர் அண்ட் லவ்லி கதையின் சூத்திரம் என்ன? படிப்பு, திறமை எல்லாம் இருக்கட்டும், வேலை கிடைப்பதும் கிடைக்காததும் உடம்பில் உள்ள ஓர் அடையாளத்தால் தீர்மானமாகும். அங்கே அது தோல் நிறம். சுங்குவார்சத்திரத்தில் அது கழுத்தும் கால்விரலும்.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வை வெளியிட்டது. ஃபாக்ஸ்கானின் இந்த ஆலையில் ஐபோன் கோர்க்கும் வேலைக்குத் திருமணமான பெண்களைத் திட்டமிட்டே தவிர்க்கிறார்கள் என்பது அதன் சாரம். 2023 மார்ச்சில் வாட்ஸப்பில் வேலை விளம்பரம் பார்த்துவிட்டுக் கிளம்பிவந்த இரண்டு சகோதரிகளை கேட்டிலேயே செக்யூரிட்டி நிறுத்திக் கேட்டது ஒரே கேள்வி, கல்யாணம் ஆகிவிட்டதா என்பது. ஆகிவிட்டது என்றதும் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். இன்டர்வியூ இல்லை, விரல் வேகம் பார்க்கவில்லை, கண் பார்வை பார்க்கவில்லை. ஆள் எடுத்துத்தரும் ஏஜென்சிகள் போட்ட விளம்பரங்களிலும் இன்ன வயது முதல் இன்ன வயது வரை, மணமாகாத பெண்கள் மட்டும் என்றே இருந்ததாக அந்தச் செய்தி சொன்னது.

விளம்பரம்! மறுபடியும் விளம்பரம்தான். ஒன்று டி.வி.யில் வந்தது, இன்னொன்று போனில் வந்தது. முதல் விளம்பரம் சொன்னது: கல்யாணமானவள் இடம் சமையலறை. இரண்டாவது விளம்பரம் அதை நம்பி முடிவெடுத்தது: அப்படியென்றால் அவள் இங்கே வேண்டாம்.

ஏன் வேண்டாம்? முன்னாள் மனிதவள அதிகாரிகள் அந்தச் செய்தியில் அடுக்கிய காரணங்கள் இவை. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி லீவு. அப்புறம் நகை. தாலியும் மெட்டியும் உலோகம், உற்பத்திக்கு இடைஞ்சல் என்று ஒரு வாதம்.

நகையை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். உலோகம் ஆபத்து என்றால் உலோகத்தைக் கழற்றச் சொல்லவேண்டும், ஆளையே கழற்றிவிடக்கூடாது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் டாக்டரம்மாவிடமும் நகையைக் கழற்றத்தான் சொல்கிறார்கள், கல்யாணம் ஆகாத டாக்டரைத் தேடிப் போவதில்லை. அதைவிட வேடிக்கை, ஆர்டர் குவியும் மாதங்களில் இந்தத் தடையைத் தளர்த்தி திருமணமானவர்களையும் எடுத்ததாக அதே செய்தி சொல்கிறது. அப்போது மட்டும் மெட்டி என்ன மரத்தால் செய்ததா?

அடுத்து கர்ப்பம். 2017இல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்ததிலிருந்து, 'அரை வருஷச் சம்பளத்தை முதலாளி சும்மா தரணும், பாவம்' என்று பரிதாபப்படுவது வழக்கமாகிவிட்டது. நாலு பேர் கூடும் எந்த விவாதத்திலும் இதை ஒருவராவது சொல்லாமல் இருப்பதில்லை. ஆனால் அந்த வேலைக்கு மாதம் சுமார் இருநூறு டாலர் சம்பளம் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. ரூபாயில் பதினேழாயிரத்தைத் தொடாது. 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளி என்றால் ஈ.எஸ்.ஐ. உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் பேறுகாலச் சம்பளத்தைக் கொடுப்பது ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன், முதலாளியின் பெட்டி அல்ல! முதலாளி மாதாமாதம் கட்டும் சந்தா, பெண் கர்ப்பமானாலும் ஆகாவிட்டாலும் ஒரே விகிதம்தான். அப்படியிருக்க அந்தப் பரிதாபத்துக்குக் கணக்கில் இடமே இல்லை. மிஞ்சுவது ஆறுமாதத்துக்கு வேறு ஆளைப் பழக்கும் தொல்லை. இருபது வயதுப் பெண்கள் ஒரு வருஷம், இரண்டு வருஷத்தில் கழுத்துவலியோடு வேலையை விட்டு ஊருக்குப் போவதும், புது ஆளைப் பழக்குவதும் எந்நேரமும் நடக்கிற தொழில் அது.

இனி அந்த 'குடும்பப் பொறுப்பு'. இதுதான் லலிதாஜியின் பேத்தி. கல்யாணமான ஆண் வேலை கேட்டு வந்தால் என்ன சொல்வார்கள்? 'குடும்பஸ்தன், பொறுப்பா இருப்பான், வேலையை விட்டுட்டு ஓடமாட்டான்.' அதே கல்யாணம், அதே குடும்பம், அதே பொறுப்பு. அவனுக்கு அது தகுதி, அவளுக்கு அது குறை. பிள்ளைக்கு ஜுரம் என்றால் லீவு போடவேண்டியவள் அவள்தான் என்று இயற்கை எங்கே எழுதி வைத்திருக்கிறது? பிள்ளைக்கு ஜுரம் என்றால் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பவள் அம்மா, ஆபீஸ் பையோடு வாசலில் நிற்பவர் அப்பா என்று முப்பது விநாடி, முப்பது விநாடியாக முப்பது வருஷம் காட்டிக் காட்டி மண்டையில் ஏற்றிவிட்டு, கடைசியில் மனிதவளத்துறை அதையே உலக உண்மை போல எடுத்து நீட்டுகிறது.

'விளம்பரம் சமுதாயத்தின் கண்ணாடி, இருப்பதைத்தானே காட்டும்?' என்பார்கள். கண்ணாடி யாருக்கும் வேலை தராது, யார் வேலையையும் பறிக்காது. எல்லா வீட்டிலும் இருந்த, ஆனால் விளம்பரத்தில் வராத பெண்களை எண்ணிப் பார்த்தால் அது எப்பேர்ப்பட்ட கண்ணாடி என்று தெரியும். வயலில் நாற்று நட்டவள், செங்கல் சுமந்தவள், பீடி சுற்றியவள், தீப்பெட்டி ஒட்டியவள். அவர்களில் பெரும்பாலோர் கல்யாணமானவர்கள்தான். மெட்டியோடுதான் சேற்றில் இறங்கினார்கள். அவர்கள் எண்பதுகளிலும் இருந்தார்கள். சலவைத்தூள் வாங்குகிறவர்கள் கணக்கில் வராததால் கண்ணாடிக்கு அவர்கள் தெரியவில்லை.

ஃபாக்ஸ்கான் என்ன சொன்னது என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். பாகுபாடு காட்டவில்லை என்று மறுத்தது. ஆள் எடுப்பதில் 2022இல் சில தவறுகள் நடந்ததை ஒப்புக்கொண்டு அவற்றைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னது. கடைசியாக எடுத்த பெண்களில் கால்வாசிப் பேர் திருமணமானவர்கள் என்றது. மத்திய தொழிலாளர் துறை அதிகாரிகள் 2024 ஜூலையில் போய்ப் பார்த்தபோது கிடைத்த கணக்கு: மொத்தம் 41,281 பேர், அதில் பெண்கள் 33,360, அவர்களில் திருமணமானவர்கள் 2,750. நூற்றுக்கு எட்டு. தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று எந்தக் கல்யாண மண்டபத்திலும் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றை மறைக்கவேண்டியதில்லை. இந்த ஆலைகள் பெண்களுக்கு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். இரவு ஏழிலிருந்து காலை ஆறுவரை பெண்கள் ஆலையில் வேலை செய்யக்கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் போட்டிருந்த தடையை 2000ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. அதன்பிறகு வந்த நோக்கியாவில் செய்யாறு, ஆரணி, வந்தவாசிப் பக்கத்துப் பெண்கள் இரவு ஷிஃப்ட் பார்த்துச் சம்பாதித்தார்கள், தங்கையைப் படிக்க வைத்தார்கள், கடன் அடைத்தார்கள். லலிதாஜிக்குக் கிடைக்காத சம்பளக் கவர் அவர்களுக்குக் கிடைத்தது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, அந்த இருபது வயதுப் பெண்கள்தான் நடுராத்திரியில் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஆப்பிள் கம்பெனியே அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைக்கவேண்டி வந்தது. சொன்னதைக் கேட்கும் பொம்மைகள் என்று நினைத்து எடுத்தவர்களுக்கு அது ஒரு அதிர்ச்சி வைத்தியம்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு இந்த வேலை எத்தனை நாளைக்கு? பள்ளிக்கும் பந்தலுக்கும் நடுவில் உள்ள நாலைந்து வருஷத்துக்கு. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். செலவு 706 கோடி ரூபாய். நல்ல கட்டடம், வாடகை வீட்டில் பத்துப் பேர் அடைந்து கிடந்ததற்கு இது எவ்வளவோ மேல். அந்தப் படுக்கைகளில் எதுவும் ஒரு கைக்குழந்தையையும் கணவனையும் வைத்துக்கொண்டு தங்குவதற்கானது அல்ல. வேலை, விடுதி, பஸ் எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரிப் பெண்ணை நினைத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. கல்யாணம் ஆனதும் அவள் இந்தப் படத்திலிருந்து வெளியேறி, அடுத்த படத்துக்குள், வாஷிங் மெஷின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்துக்குள், போய்விடவேண்டும். அந்த வாஷிங் மெஷின் அவள் பஸ் ஏறிய அதே சுங்குவார்சத்திரத்தில் செய்ததாகவும் இருக்கலாம்.

லலிதாஜியையே அந்த கேட்டுக்கு அனுப்பிப் பார்ப்போம். இந்தியா முழுக்கத் தெரிந்த முகம். கணக்கில் புலி. தரமான பொருளையும் மட்டமான பொருளையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வாள், தரப் பரிசோதனைக்கு இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைக்கும்? ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் வருகிறானே. செக்யூரிட்டி பயோடேட்டாவை வாங்கவே மாட்டார்.

1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு, ஆள் எடுப்பதில் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக்கூடாது என்றது. 2024இல் மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டபோது சுட்டிக்காட்டியதும் இதைத்தான். கல்யாணமான பெண், ஆகாத பெண் என்று பேதம் பார்க்கக்கூடாது என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தால் கேட்டில் அந்தக் கேள்வியையே கேட்டிருக்கமுடியாது. எழுதவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2025 ஜனவரியில், அதிகாரிகள் இப்போது வேலையில் இருப்பவர்களை எண்ணிவிட்டு வந்தார்களே தவிர, ஆள் எடுத்த விதத்தை விசாரிக்கவில்லை என்று குறைசொல்லி மறுபடியும் விசாரிக்கச் சொன்னது.

அதற்கு முன்பே, 2024 நவம்பரில், ஏஜென்சிகளுக்கு ஃபாக்ஸ்கான் ஓர் உத்தரவு போட்டதாகச் செய்தி வந்தது. வேலை விளம்பரங்களில் வயது, பாலினம், கல்யாணம் பற்றிய வரிகளை எடுத்துவிடவேண்டும், கம்பெனி பெயரையும் போடக்கூடாது. விளம்பரத்திலிருந்து வரி போய்விட்டது. கேட்டில் நிற்பவர் மண்டையிலிருந்து போய்விட்டதா என்று அந்த இரண்டு சகோதரிகள் மறுபடியும் பஸ் ஏறி வந்து பார்த்தால்தான் தெரியும்.